காரைக்காலில் பன்னிரண்டாவது படம்

காரைக்காலுக்குப் படம் பார்க்கப் போகிறேன் என்று ரயிலில் சொன்னது என் தவறு. எதிர்ப் பலகையில் இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெட்ராஸ்ல ஓடாத படமா?" என்றார் ஒருவர்.

"எந்தக் கொட்டாயில போட்டிருக்கான்?" என்றார் மற்றவர்.

சினிமா இல்லை, கையால் வரைந்த சித்திரம் என்றேன். "அப்படிச் சொல்லுங்க, சாமி படம்" என்று முதலாமவர் ஆறுதல் அடைந்தார். சாமி படமும் இல்லை என்றதும் இருவருக்கும் என்மேல் இருந்த மதிப்பு போய்விட்டது. அவர்கள் எதற்காகக் காரைக்காலுக்குப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு, காரைக்காலில் இல்லை. அந்தப் பெட்டியில் பாதிப்பேர் அந்த ஒரு காரணத்துக்காகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். மீதிப்பேர் அவர்களைத் திருப்பி அழைத்துப் போக வந்தவர்களாக இருக்கவேண்டும்.

எஞ்சின் வயல்வெளியில் நின்றுவிட்டது. பங்குனி வெயில். ஒரு மணி நேரம் கழித்து, நின்றதற்கு எப்படிக் காரணம் சொல்லப்படவில்லையோ அப்படியே காரணம் சொல்லாமல் கிளம்பியது.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சரித்திரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, நவீன இந்திய ஓவியம் பற்றி ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று எனக்கு ஆசை. எங்கள் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுக்கு உதவித்தொகை உண்டு, செப்பேட்டுக்கு உண்டு, கோயிலுக்கு உண்டு. "நவீன ஓவியமா? முதல்ல பெயிண்ட் காயட்டும்மா, அப்புறம் சரித்திரம் எழுதலாம்" என்றார் என் பேராசிரியர். கடைசியில் டெல்லியில் ஒரு குழு இதற்கெல்லாம் பணம் தருகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். நான் எடுத்துக்கொண்ட ஓவியர் சவரிநாதன், காரைக்காலில் பிறந்தவர். பாரிஸில் ஒரு வருஷம் படித்து, சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் குமாஸ்தாவாக இருந்து, அங்கேயே இறந்துபோனார். (அவர் பெயரையும் இதில் வருகிற மற்றவர்கள் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.)

டெல்லியிலிருந்து பதில் வந்தது. ஓவியரின் அசல் படங்கள் குறைந்தது பன்னிரண்டு இருப்பதற்கு அத்தாட்சி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புகைப்படம், வைத்திருப்பவரின் சம்மதக் கையெழுத்து, உள்ளூர் அதிகாரியின் முத்திரை. ஏன் பன்னிரண்டு, ஏன் பத்து இல்லை என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சென்னையில் ஒன்பது படங்கள் இருந்தன. மூன்று காரைக்காலில் ஒரு மரைக்காயர் வீட்டில் இருப்பதாகத் தகவல். இது கிடைக்காவிட்டால் சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியை வேலை. அந்த உத்தரவுக்கு மாதக் கடைசிக்குள் பதில் போடவேண்டும் என்று அப்பா அதை என் கைப்பையிலேயே வைத்து அனுப்பியிருந்தார்.

தலத்தெருவில் கமலம் வீட்டில் தங்கினேன். என்னோடு கல்லூரி விடுதியில் இருந்தவள், இங்கே வாத்தியாரம்மா. "வாடி, என்ன இப்படி எளச்சுப் போயிட்டே? ஆராய்ச்சி பண்றவங்களுக்கெல்லாம் சோறு போடமாட்டாங்களா?" என்றாள். வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தாள். சென்னையில் நாங்கள் மீன் என்று வாங்கித் தின்பது வேறு ஏதோ பிராணி என்று அன்றைக்குத் தெரிந்தது. பயணம் முழுவதிலும் எரிச்சல் வராமல் நடந்தது அந்த ஒரு சாப்பாடுதான்.

இரண்டாம் நாள் காலை, அதிகாரியின் அலுவலகம். கமலத்தின் கணவர் வாங்கிவந்த ரொட்டி முழங்கை நீளம் இருந்தது. அதைக் கடித்ததில் வலித்த தாடையோடு போய்ச் சேர்ந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. சுவரில் பிரெஞ்சில் ஓர் அறிவிப்பு, அதன் மேல் பாதி மறைத்து ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எதுவும் விளங்காது. மேஜைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட கிழவர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சு வழக்கப்படி அவரை முசே அந்துவான் என்று அழைத்தார்கள்; என்னை அவர் மத்மசேல் ஆக்கினார். முப்பது வருஷமாக அங்கேதான் குமாஸ்தா.

"அதிகாரி இல்லீங்க, மத்மசேல். வரிச்சிக்குடிக்குப் போயிருக்காங்க. வாய்க்கா தகராறு."

"எப்போது வருவார்?"

"தகராறு தீந்ததும்."

காத்திருந்திருக்கலாம். எனக்குத்தான் பொறுமை கிடையாதே! ஒற்றை மாட்டு வண்டி ஒன்றைப் பிடித்து வரிச்சிக்குடிக்குப் புறப்பட்டேன். பாதி வழியில் மாடு படுத்துக்கொண்டது. வண்டிக்காரர் அதைத் திட்டவில்லை, அடிக்கவில்லை; தானும் பக்கத்தில் உட்கார்ந்து, "அதுக்கா எழுந்திருக்கணும்னு தோணணுங்க" என்றார். அறுவடையான வயல்கள் நடுவே நடந்தேன். எதிரே ஒரு ஜீப் வந்து தலைமுதல் கால்வரை என்னைப் புழுதியில் மூடிவிட்டுப் போனது.

வரிச்சிக்குடியில் களத்தில் நின்றவர்களிடம் அதிகாரி எங்கே என்று கேட்டேன்.

"இப்பதாங்க போனாங்க, ஜீப்புல. நீங்க எதிர்ல பாக்கலியா?"

பார்த்தேன் என்றேன். ஒரு சொம்பு மோர் கொடுத்தார்கள். "படத்துக்கு ஒரு படிப்பா?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். "அதப் படிச்சா என்ன வேல குடுப்பாங்க?" அதை டெல்லிக்காரர்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

மரைக்காயர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மரைக்காயர் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர், மூன்று வருஷத்துக்கு முன் காலமானார். மகன் இப்போது அங்கே. வீட்டில் மரைக்காயரின் மனைவி ஆமினா பீவியும் மருமகள் சபியாவும். நான் ஓர் ஆண்பிள்ளையாக இருந்திருந்தால் முன்கூடத்தோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். பெண்ணாக இருந்ததால் நேரே உள்ளே. இந்த ஆராய்ச்சியில் அதனால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் இது.

"வாங்க புள்ள, உக்காருங்க. என்ன இது, களிமண்ணுல பொரண்டு வந்த மாதிரி! சபியா, தண்ணி கொண்டா" என்றார் ஆமினா பீவி. ஐம்பது வயது இருக்கும். உரத்த குரல், சின்ன உருவம்.

மூன்று படங்களும் மாடியறையில் இருந்தன. அவற்றில் இரண்டு, பெட்டிகளின் மேல் சாய்த்திருந்தன: சைகோன் ஆறும் படகுகளும் ஒன்று, மழையில் நனையும் கடைத்தெரு ஒன்று. அந்தக் கடைத்தெருவைப் பார்த்தபோது பகலெல்லாம் பட்ட பாடு மறந்துவிட்டது. மழையை அவர் கோடுகளாகப் போடவில்லை. தரையில் விழுந்திருந்த கடை விளக்குகளைக் கலைத்துப் போட்டிருந்தார், அவ்வளவுதான். பெயிண்ட் காயட்டும் என்ற பேராசிரியரை அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்தவேண்டும் போலிருந்தது.

மூன்றாவது, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. சபியா திருப்பினாள். நீலச் சேலையில் ஒரு பெண், பயணப்பெட்டி ஒன்றின்மேல் கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள். பெரிய கண்கள், எங்கோ பக்கத்தில் பார்க்கின்றன. சவரிநாதன் வரைந்ததிலேயே சிறந்தது இதுதான் என்று அங்கேயே முடிவுகட்டினேன்.

"இது யாருங்கம்மா?"

"யாருக்குத் தெரியும்? சைகோன்ல எவளோ" என்றார் ஆமினா பீவி. குரல் இறங்கியிருந்தது. "அவங்க சைகோன் சபர் போயிட்டு வரயில கொண்டாந்தாங்க. ஒனக்குத்தான்னு குடுத்தாங்க. மொகத்தப் பாத்தேன், நான் இல்ல. பாத்த பொம்பளைங்க எல்லாரும் சொன்னாங்க, நீ இல்ல ஆமினா, இது வேற ஆளுன்னு. நான் அவங்ககிட்ட யாருன்னு கேக்கவே இல்ல."

"ஏன் கேட்கவில்லை?"

"கேட்டா சொல்லிட்டா?"

சபியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபது வருஷம் அந்தப் படம் சுவரைப் பார்த்தபடி இருந்திருக்கிறது. மூன்றையும் படமெடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "தாராளமா எடுங்க. அவள எடுத்து டெல்லியில காட்டுங்க" என்றார்.

சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய பெட்டிக் காமிரா அந்த வெளிச்சத்தில் உதவாது. நாளைக்கு வருகிறேன் என்று எழுந்திருந்தால் என் கதை சுபமாக முடிந்திருக்கும். அளவு குறித்துக்கொள்வதற்காக அந்தப் படத்தைப் பின்பக்கம் திருப்பினேன். துணியில் பென்சிலால் நாலைந்து வரி பிரெஞ்சு. நடுவில் மரைக்காயர் பெயர்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் ஆமினா பீவி உடனே.

விண்ணப்பத்தில் 'பிரெஞ்சு தெரியும்' என்று எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, நன்றியும் வணக்கமும். முகம் சிவக்க, எழுத்து எழுத்தாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு நாளைக்கு வந்து சொல்கிறேன் என்றேன். வாசல்வரை வந்து, "மறக்காம கேளுங்க" என்றார். அதற்குள் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் நோட்டை முசே அந்துவானிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, என் எழுத்துப் பிழைகளைத் திருத்தி, ஒரு தடவை தனக்குள் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு தமிழில் சொன்னார்:

"'மரைக்காயர் தன் மனைவியைப் பற்றி மூன்று மாதமாகச் சொல்லச் சொல்ல வரைந்தது. இந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. கண்களைப் பற்றியும் கைகளைப் பற்றியும் நிறையச் சொன்னார். மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் விழிக்கிறார். மூக்கு என்னுடையது.' கீழ கையெழுத்து, சவரிநாதன்."

சென்னையில் இருக்கும் ஒன்பது படங்களில் ஒன்று சவரிநாதன் தன்னையே வரைந்துகொண்டது. அதை நான் ஆறு மாதம் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். அந்த மூக்கு முந்தைய நாள் என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது, எனக்குத் தெரியவில்லை. ஆராய்ச்சிக்காரி!

"மத்மசேல்" என்றார் முசே அந்துவான். "மொதல்ல போட்டோவ எடுத்துடுங்க. அப்புறமா சொல்லுங்க."

"ஏன்?"

"எனக்கு இந்த ஊரு தெரியும். நான் சொல்றதக் கேளுங்க."

அலுவலகத்திலிருந்து அந்த வீடு பத்து நிமிஷ நடை. அரை மணி நடந்தேன். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்துதான் இருந்தது. படமெடுத்த பிறகு சொன்னால் யாருக்கும் பொய் சொன்னதாகாது. வரிசை மாறுகிறது, அவ்வளவுதான். டெல்லியின் பன்னிரண்டும் சேலத்தின் உத்தரவும் என்னோடு கூடவே நடந்தன. எடுத்துவிட்டுச் சொல்வது என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனேன்.

முற்றத்தில் நல்ல வெயில். சபியா மூன்று படங்களையும் கீழே கொண்டுவந்து தூணில் சாய்த்துவைத்தாள். ஆறு முடிந்தது, கடைத்தெரு முடிந்தது. மூன்றாவதன் முன்னால் நின்று, காமிராவின் சின்னக் கண்ணாடியில் குனிந்து அந்தப் பெண்ணைப் பொருத்தினேன். விரல் விசையில் இருந்தது.

"வாசிச்சாங்களா, புள்ள?"

ஆமினா பீவி என் பின்னால் நின்றிருந்தார். 'ஒரு நிமிஷம் இருங்கள்' என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம்கூட வேண்டாம், ஒரு நொடி போதும். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். இருபது வருஷம் காத்திருந்தவரை இன்னும் ஒரு நொடி காத்திருக்கச் சொல்ல என்னால் முடியவில்லை. நோட்டை எடுத்துப் படித்தேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "திருப்பி வாசி" என்றார். வாசித்தேன். மூன்றாம் தடவை மூக்கு வந்தபோது சபியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஆமினா பீவி தன் மூக்கை விரலால் தடவிப் பார்த்தார்.

"மூணு வருஷத்துக்கு ஒருதரம் வருவாங்க. நாலு மாசம் இருப்பாங்க. மூக்கப் பாக்க எங்க நேரம்?" என்று சிரித்தார். சிரிப்பு அழுகையாகிவிட்டது. "கேட்டிருக்கலாம், சபியா. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் நான். மௌத்தாகுறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா..." மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் காமிராவைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

வெகுநேரம் கழித்து அவர் எழுந்தார். தோளில் கிடந்த துப்பட்டியை எடுத்து அந்தப் படத்தின் மேல் போர்த்தினார்.

"இத எடுக்க வேணாம், புள்ள."

"நேற்று எடுக்கலாம் என்றீர்களே!"

"நேத்து அது எவளோ. இன்னிக்கி அது நானாச்சே!"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. டெல்லிக் குழுவில் உள்ள மூன்றே பேர்தான் பார்ப்பார்கள் என்று மன்றாடினேன்.

"மூணு பேரும் ஆம்பளைங்கதானே?"

"ஆமாம்."

"அப்ப வேணாம்."

இந்த மூக்கு உங்கள் மூக்கே இல்லையே என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "கண்ணு என்னோடதுதானே" என்றார். பன்னிரண்டு இல்லாவிட்டால் என் படிப்பு இத்தோடு நின்றுவிடும், சேலத்துக்குப் போய் அசோகர் மரம் நட்டதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டு அப்புறம் சொல்லியிருக்கலாம்ல? ஏன் மொதல்லயே சொன்னே?"

அதுவரை 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர் எப்போது ஒருமைக்கு மாறினார் என்று கவனிக்கவில்லை.

"எழுதணும்னா எழுதிக்க. எழுத்துல மொகம் தெரியாது. படம் வேணாம்" என்றார். பிறகு, "பசியாறிட்டுப் போ" என்றார். கோபத்தோடு சாப்பிட உட்கார்ந்தேன். இறால் வைத்துப் பொரித்த வாடா சுடச்சுட வந்தது. கோபம் குறையாமலே நான்கு தின்றேன். தம்ரூட் என்ற ரவை இனிப்பும் வந்தது. வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு வைராக்கியம் இல்லை.

நான்காம் நாள், அதிகாரி இருந்தார். வரிச்சிக்குடிப் பாதையில் புழுதி வாரி இறைத்த கதையை நான் சொல்லவில்லை. மற்ற இரண்டு படங்களுக்கான சம்மதத் தாள்களை வைத்தேன். ஆமினா பீவி அரபு எழுத்தில் கையெழுத்திட்டிருந்தார்.

"இது எந்த மொழி?" என்றார் அதிகாரி.

"தமிழ்தான். எழுத்து மட்டும் அரபு."

"தமிழை எதற்கு அரபு எழுத்தில் எழுதவேண்டும்?"

முசே அந்துவான் எழுந்து வந்து, இங்கே இது நூறு வருஷமாக நடக்கிறது, பிரெஞ்சுக்காரர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். சரி, கையெழுத்து தேறியது. அடுத்து, 'இந்திய ஓவியர்' என்ற சொல்லில் பேனா நின்றது.

"பதிவேட்டில் இவர் பிரெஞ்சுக் குடிமகன். இந்தியர் என்று நான் எப்படி எழுதுவது?"

"பிறந்த இடம் காரைக்கால். காரைக்கால் எங்கே இருக்கிறது, சார்?"

"அதைத்தான் டெல்லியிலும் பாரிஸிலும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார் அவர், சிரிக்காமல். கடைசியில் 'இவ்வூரில் பிறந்த ஓவியர்' என்று எழுதி முத்திரை போட்டார். வெளியே வரும்போது முசே அந்துவான், "முன்னாடியே சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "மத்மசேல், மத்மசேல்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து டெல்லிக் குழு சென்னைக்கு வந்து நேர்முகம் வைத்தது. சேலத்துக்கு இதற்குள் நான் பதில் போடாமலே இருந்துவிட்டேன்; அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மூவரும் ஆம்பளைகள்தான். நடுவில் இருந்தவர் பட்டியலைப் புரட்டினார்.

"பன்னிரண்டு படங்கள் எழுதியிருக்கிறீர்கள். புகைப்படம் பதினொன்றுதான் இருக்கிறது."

"பன்னிரண்டாவதை நான் பார்த்தேன், அளந்தேன். படமெடுக்க வீட்டுக்கார அம்மாள் சம்மதிக்கவில்லை."

"பிறகு அது இருக்கிறது என்று நாங்கள் எப்படி நம்புவது?"

"நான் சொல்வதை வைத்துத்தான்."

இடப்பக்கம் இருந்தவர் ஏன் சம்மதிக்கவில்லை என்று கேட்டார். பின்பக்கத்து வரிகளைச் சொன்னேன். அவர் மூக்கைத் தடவிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். வலப்பக்கம் இருந்தவர் என் விண்ணப்பத்தைத் தூக்கிப் பிடித்து, அந்த வரிகளை நானே படித்தேனா என்று கேட்டார். இல்லை, ஒரு குமாஸ்தா படித்துச் சொன்னார், விண்ணப்பத்தில் எழுதியது தவறு, இப்போதுதான் பிரெஞ்சு கற்றுக்கொள்கிறேன் என்றேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது, சேலத்தில் வெயில் எப்படி இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் கடிதம் வந்தது. உதவித்தொகை கிடைத்துவிட்டது. பன்னிரண்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வருஷத்துக்குக் கேட்டிருந்தேன், ஒரு வருஷத்துக்குத்தான் கொடுத்திருந்தார்கள். எடுத்துக்கொண்ட பொருள் நவீனமானதாகையால் ஒரு வருஷமே தாராளம் என்று காரணம் எழுதியிருந்தது.